வாசகர் கேள்வி – வல்லுநர் பதில்: கைப்பேசிக்குள் வந்த சூதாட்டம்

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போடுகிறோம். மனநலம், வங்கிச் சேவை, சைபர் சட்டம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

மூணு சீட்டு, லாட்டரி இருந்த காலத்திலும் குடும்பங்கள் அழிந்தன. போனில் வந்ததால் மட்டும் புதிதாக என்ன கெட்டுவிட்டது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவண்ணாமலை

வேகம். லாட்டரி வாங்கியவர் குலுக்கல் வரை காத்திருந்தார் (தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் அது தடை செய்யப்பட்டது). சீட்டாட்டத்துக்கு நாலு பேர் சேர வேண்டும். மடியில் காசு தீர்ந்தால் எழுந்து வர வேண்டும். போனில் இந்தத் தடங்கல் எதுவும் கிடையாது. ஸ்லாட் ஆட்டத்தில் (படங்கள் சுழன்று நிற்கும் ஆட்டம்) ஒரு சுற்று மூன்று நொடிதான். மணிக்கு ஆயிரம் சுற்று சாதாரணமாக ஓடும்.

'வைத்த பணத்தில் 96 சதவீதம் திரும்பக் கிடைக்கும்' என்று போட்டிருப்பார்கள். ஆயிரம் ரூபாயோடு உட்காருபவர், போனால் நாற்பது ரூபாய் போகும் என்று நினைத்துக்கொள்கிறார். அந்த 4 சதவீதம் பிடிக்கப்படுவது புரளும் பணத்தில். சுற்றுக்கு 10 ரூபாய் வீதம் ஆயிரம் சுற்று ஆடினால் புரண்டது 10,000 ரூபாய். சராசரியாக 400 ரூபாய் ஒரே மணி நேரத்தில் கம்பெனிக்குப் போய்விடும்.

தோல்வியை வெற்றியாகக் காட்டும் வித்தை இன்னொன்று. 20 ரூபாய் வைத்து 8 ரூபாய் திரும்பினால் 12 ரூபாய் நட்டம். ஆனால் திரையில் காசு மழை கொட்டும், மணி அடிக்கும். சூதாட்டத்துக்கு உரிமம் தரும் பிரிட்டனே 2021 அக்டோபரில் ஆன்லைன் ஸ்லாட்டில் இந்தக் கொண்டாட்டத்தைத் தடை செய்தது. ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 நொடி ஆக வேண்டும், தானாகச் சுற்றும் வசதி கூடாது என்றும் விதித்தது. 2025-இல் சுற்றுக்கு 5 பவுண்டு, 18 முதல் 24 வயதினருக்கு 2 பவுண்டு என்று உச்சவரம்பும் வந்தது. நம் ஊரில் ஓடும் கள்ள ஆப்களை இப்படிக் கட்டுப்படுத்த ஆள் இல்லை.

ஜெயித்த பணத்தை எடுக்கப் போனால் '24 மணி நேரம் ஆகும்' என்று வரும். பக்கத்திலேயே 'ரத்து செய்து ஆட்டத்தைத் தொடர' என்று பளிச்சென்ற பொத்தான். வங்கி தாமதிக்கிறது என்று நினைக்காதீர்கள். நடுராத்திரியில் மனம் மாறி நீங்களே அந்தப் பணத்தைத் திரும்ப ஆட்டத்தில் போடுவீர்கள் என்று கணக்குப் போட்டு வைத்த தாமதம் அது. பிரிட்டனில் இப்படித் திரும்ப எடுத்து ஆடுவதற்கும் தடை உண்டு.

சட்டம் வந்து ரம்மி ஆப்கள் மூடப்பட்டன என்றார்கள். எனக்கு இன்னும் தினமும் வாட்ஸ்அப்பில் 'ஐடி (சூதாட்டத் தளத்தில் ஆடுவதற்கான கணக்கு) வேண்டுமா' என்று வருகிறதே?
– திருச்சி

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேச்சே அதில் இல்லை. பணம் கட்டி, பணம் வெல்லும் ஆட்டம் என்றாலே நடத்தக் கூடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுபவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இதையும் நினைவில் வையுங்கள்.

இந்தியாவில் பதிவான பெரிய நிறுவனங்கள் அந்த ஆகஸ்டிலேயே பண ஆட்டங்களை நிறுத்திவிட்டு, வழக்குப் போடுவதைப் பார்த்தன. உங்களுக்கு மெசேஜ் அனுப்புபவன் அந்தக் கூட்டமே இல்லை. அவனுடைய சர்வர் வெளிநாட்டில் இருக்கும். இணையதளத்தை அரசு முடக்கினால் பெயரில் ஓர் எண்ணைக் கூட்டி மறுநாள் திறப்பான். பிளே ஸ்டோரில் இடமில்லாததால் டெலிகிராமில், போனில் நேராக நிறுவும் ஏபிகே கோப்பாக ஆப்பை அனுப்புவான். பணம் கட்டும் கியூஆர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஒவ்வொன்றும் யாரோ ஓர் ஏழையின் பெயரில் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்கு. பழைய ரம்மி ஆப்பில் ஏமாந்தால் வழக்குப் போட ஒரு முகவரியாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை.

ஏவியேட்டர் விமான ஆட்டத்தில் பேராசைப்படாமல் 1.10 மடங்கிலேயே பணத்தை எடுத்துவிடுகிறேன். பத்தில் ஒன்பது முறை ஜெயிக்கிறேன். இது பாதுகாப்புத்தானே? விமானம் எப்போது மறையும் என்று முன்கூட்டியே சொல்லும் 'பிரெடிக்டர்' ஆப் 2,000 ரூபாய்க்கு விற்கிறார்கள், வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

கணக்குப் பாடத்தில் வருவதுதான் தம்பி, பொறுமையாகப் பாருங்கள். விமானம் ஏற ஏறப் பந்தயத்தின் மடங்கும் ஏறும்; அது பறந்து மறையும் முன் எடுக்காவிட்டால் வைத்த பணம் போய்விடும்.

இந்த ஆட்டத்தில் திரும்பக் கிடைப்பது 97 சதவீதம் என்று நடத்துபவர்களே சொல்கிறார்கள். அதற்கு அர்த்தம், ஒரு மடங்கை விமானம் எட்டும் வாய்ப்பு என்பது 97-ஐ அந்த மடங்கால் வகுத்தால் கிடைக்கும் சதவீதம். 1.10 மடங்கு என்றால் 88.2. நூறு சுற்று, சுற்றுக்கு நூறு ரூபாய் வையுங்கள். 88.2 முறை பத்துப் பத்து ரூபாய் வரும்: 882. 11.8 முறை நூறு நூறாகப் போகும்: 1,180. நிகர நட்டம் சுமார் 300 ரூபாய்.

சரி, 2 மடங்கில் எடுத்தால்? வாய்ப்பு 48.5 சதவீதம். வரவு 4,850, இழப்பு 5,150. அதே 300. பத்து மடங்குக்குக் காத்திருந்தாலும் அதே 300தான். எங்கே எடுக்கிறீர்கள் என்பது பணம் எந்த விதத்தில் போகும் என்பதை மட்டும் தீர்மானிக்கும்: சிறுகச் சிறுகச் சேர்ந்து ஒரே அடியில் போக வேண்டுமா, அல்லது தொடர்ந்து போய் எப்போதாவது ஒன்று வர வேண்டுமா என்று. சில சுற்றில் விமானம் கிளம்பியவுடனேயே 1.00-இல் பறந்து மறைவதைப் பார்த்திருப்பீர்களே, கம்பெனியின் பங்கு அதில் இருக்கிறது. பெரும்பாலான சுற்றுகள் அரை நிமிடத்துக்குள் முடிவதால் நூறு சுற்றுக்கு ஒரு மணி நேரம் போதும்.

பத்தில் ஒன்பது ஜெயிப்பதுதான் இதில் ஆபத்தான பகுதி. கை ராசியானது என்று நம்ப வைப்பது அந்த ஒன்பதுதான். பத்தாவது தோற்றதும் அதை மீட்க அடுத்த சுற்றில் இருநூறு வைப்பீர்கள். தோற்றால் இரட்டிப்பு என்ற அந்த உத்தியையும் கணக்குப் போட்டுவிடலாம். 2 மடங்கு ஆட்டத்தில் 10 ரூபாயில் தொடங்கி எட்டு முறை தொடர்ந்து தோற்றால் அதுவரை போனது 2,550. ஒன்பதாவது பந்தயம் 2,560. அதிலும் ஜெயித்தால் மொத்த லாபம் 10 ரூபாய். எட்டுத் தோல்வி வரிசையாக வருமா என்று கேட்பீர்கள். ஐந்நூறு சுற்று ஆடுபவருக்கு அது ஒருமுறையாவது வர பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. நாலைந்து மணி நேர ஆட்டம், அவ்வளவுதான்.

பிரெடிக்டர் சுத்த மோசடி. அசல் ஆட்டத்தில் முடிவு சுற்றுத் தொடங்கும்போதே சர்வரின் ரகசிய எண்ணும் அந்தச் சுற்றில் முதலில் பந்தயம் கட்டுபவர்களின் எண்களும் சேர்ந்து உருவாகிறது. வெளியே காட்டப்படுவது ரகசிய எண்ணின் ஹாஷ் (அதிலிருந்து கணக்கிட்ட சங்கேதக் குறி) மட்டுமே. ஹாஷிலிருந்து எண்ணைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வழி கிடையாது. விற்பவன் காட்டும் வீடியோ, சுற்று முடிந்தபின் வெட்டி ஒட்டியது. அந்த ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அவன் குறி உங்கள் 2,000 ரூபாய் இல்லை, வங்கி ஓடிபி. ஏற்கெனவே நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்து, ஆப்பை நீக்கி, வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லையும் யூபிஐ பின்னையும் மாற்றுங்கள்.

ஆப்பில் என் கணக்கில் 1,80,000 ரூபாய் காட்டுகிறது. 30 சதவீத வரி கட்டினால் உடனே வரும் என்கிறார்கள். நகையை வைத்துக் கட்டலாமா?
– மதுரை

கட்டாதீர்கள். ஆன்லைன் ஆட்ட வெற்றிக்கு 30 சதவீதம் வரி என்பது உண்மை. 2023 ஏப்ரல் முதல் அதைப் பணம் தருபவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். முன்கூட்டித் தனியாக வாங்குவது எந்த வரிமுறையிலும் இல்லை. திரையில் இருப்பது வெறும் எண். கட்டினால் அடுத்து 'சரிபார்ப்புக் கட்டணம்' வரும். இதுவரை அனுப்பியதற்கு இன்றே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்க யூடிஆர் (பரிமாற்ற அடையாள) எண், தேதி, நேரம், பெறுநரின் யூபிஐ முகவரி கையில் இருக்கட்டும். பணம் நாலு கணக்கு தாண்டுவதற்குள் சொன்னால்தான் நிறுத்த முடியும். ஆப்பை அழிப்பதற்கு முன் திரைப்பிடிகளை (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவிடுங்கள்.

கலர் ஆப்பில் என் கணவருக்கு 6,000 ரூபாய் விழுந்தது. மறுவாரம் சம்பளக் கணக்கையே வங்கி முடக்கிவிட்டது. வேறு மாநில போலீஸ் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– ஈரோடு

சிவப்பு, பச்சை, ஊதா என்று ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை நிறம் சொல்லும் ஆட்டம்தானே? அதில் எந்த நிறத்தில் எவ்வளவு பணம் குவிந்திருக்கிறது என்று பார்த்த பிறகு முடிவை வெளியிட நடத்துபவருக்கு எந்தத் தடையும் இல்லை. ஆரம்பத்தில் சின்னத் தொகைகளை ஒழுங்காகத் தருவார்கள். அப்படித் தரும் பணமும் அவர்கள் பணமில்லை. எங்கோ ஒருவர் மோசடியில் இழந்த பணத்தை நேராக உங்கள் வீட்டுக்காரர் கணக்குக்குத் திருப்பிவிடுவார்கள். இழந்தவர் 1930-இல் புகார் தந்ததும் பணம் போன பாதையில் இருக்கும் கணக்குகளுக்கெல்லாம் நிறுத்த உத்தரவு போகிறது. உங்களுடையது அந்த வரிசையில் ஒன்று.

கிளைக்கு நேரில் போய் மூன்று விவரம் எழுத்தில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம் எந்தக் காவல் நிலையம், நிறுத்தச் சொன்ன தொகை எவ்வளவு. பிறகு வங்கி மேலாளருக்கும் அந்த விசாரணை அதிகாரிக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள். சர்ச்சைக்குரிய 6,000 ரூபாய்க்கு மட்டும் லீன் (எடுக்க முடியாதபடி நிறுத்தி வைப்பது) வைத்து மீதியை விடுவிக்கக் கோருங்கள். கணக்கு விவரத்தில் அந்த வரவைக் கோடிட்டு, சம்பளச் சான்று, அடையாள அட்டை நகல் இணையுங்கள். பணம் எந்த ஆப்பிலிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டாம். 'நண்பர் அனுப்பினார்' என்று எழுதிவிட்டால் அந்த நண்பர் யார் என்று கேட்பார்கள். தொகை பெரிதாக இருந்தாலோ பல வரவுகள் இருந்தாலோ கடிதத்துக்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். அடுத்த மாதச் சம்பளத்தை வேறு கணக்குக்கு மாற்ற இன்றே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

'5,000 கொடுத்தால் முடக்கத்தை எடுத்துத் தருகிறேன்' என்று கூப்பிடுபவன் போலீசும் இல்லை, வங்கியும் இல்லை.

ஒன்றை மட்டும் கணவரிடம் அழுத்திக் கேளுங்கள்: கமிஷனுக்காகத் தன் கணக்கையோ சிம்மையோ யாருக்காவது கொடுத்தாரா? கொடுத்திருந்தால் விஷயம் வேறு. அவரே குற்றவாளியாகச் சேர்க்கப்படலாம்.

ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே?
– சேலம்

1968-இல் சத்தியநாராயணா வழக்கில் சொன்னது, உண்மை. அதே தீர்ப்பு, ஆட்டத்திலிருந்து கிளப் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் சொல்கிறது. அந்த வரியை யாரும் விளம்பரத்தில் போடவில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து நீக்கியது, ஆனால் மாநிலச் சட்டத்தின் மற்ற பகுதிகளை நிலைநிறுத்தியது.

உங்கள் திறமையையே எடுத்துக்கொள்வோம். இருவர் ஆட்டம், ஆளுக்கு 100 ரூபாய், மேசைக் கட்டணம் 12 சதவீதம் என்று வையுங்கள். ஜெயித்தவருக்கு 176. அதாவது ஜெயித்தால் 76 வரவு, தோற்றால் 100 செலவு. கைநட்டமில்லாமல் இருக்கவே நூற்றுக்கு 57 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். உங்களைவிட மட்டமாக ஆடுபவர்கள் மட்டுமே எதிரே உட்கார்ந்தால் முடியும். அவர்கள் பணம் தீர்ந்து போய்விட்ட பிறகு மேசையில் மிஞ்சுவது யார் என்று யோசியுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. வாழ்நாளில் சீட்டைத் தொட்டவரில்லை. கை நடுக்கத்துக்கு (பார்க்கின்சன்) மருந்து தொடங்கிய பிறகு ராத்திரி முழுக்கப் போனில் சூதாடுகிறார். 4 லட்சம் போய்விட்டது. வயசான காலத்தில் புத்தி கெட்டுவிட்டதா?
– மகள், நாகர்கோவில்

அவர் புத்தி கெடவில்லை அம்மா. மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல், ரோட்டிகோடின் என்று ஏதாவது இருக்கிறதா? இவை மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைச் செய்யும் மருந்துகள். நடுக்கமும் விறைப்பும் குறையும். ஆனால் சிலருக்கு அடக்க முடியாத உந்துதல் வரும். சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, அளவுக்கு மீறித் தின்பது, பாலுணர்வு மிகுதல் ஆகிய நான்கும் மருத்துவ நூல்களிலேயே உள்ள பக்கவிளைவுகள். தொடங்கிய சில மாதங்களிலும் வரலாம், அளவைக் கூட்டிய பிறகும் வரலாம். மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோல் மருந்துக்கும் இதே எச்சரிக்கையை அமெரிக்க மருந்துத் துறை 2016-இல் வெளியிட்டது.

நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உடல் விறைப்பு கடுமையாகலாம். பதற்றம், வியர்வை, மனச்சோர்வும் வரும். நரம்பியல் மருத்துவரிடம் 'சூதாட்டம்' என்ற வார்த்தையையே சொல்லுங்கள். 'கொஞ்சம் போன் பார்க்கிறார்' என்று பூசி மெழுகினால் அவருக்குப் புரியாது. படிப்படியாக அளவைக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். பலருக்கு அதன்பின் உந்துதல் அடங்கிவிடுகிறது. அதுவரை அவருடைய ஓய்வூதியக் கணக்கில் யூபிஐ வேண்டாம். முக்கியமாக, அவரைத் திட்டாதீர்கள். வெட்கத்தில் மறைக்க ஆரம்பித்தால் மருத்துவருக்கும் சொல்லமாட்டார்.

தம்பிக்கு 26 வயது. தானே விட வேண்டும் என்கிறான், நாலு நாளில் திரும்பப் போகிறான். இரண்டு முறை அப்பா கடனை அடைத்துவிட்டார். வீட்டில் நாங்கள் என்ன செய்வது?
– அக்கா, திண்டுக்கல்

மூன்றாவது முறை அடைக்கும் முன் இதைச் செய்யுங்கள். அவன் சம்மதத்தோடு செய்வதுதான் பலிக்கும்.

முதலில் பணம். அவன் சம்பளம் வரும் கணக்கில் யூபிஐயை அணைத்து வைக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். பல வங்கிகளின் செயலியிலேயே அந்த வசதி உண்டு. ஆனால் டெபிட் கார்டும் சிம்மும் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி திறந்துவிடுவான், ஆதார் ஓடிபி வழியாகவும் பின் வைக்கலாம். அதனால் உங்களோடு சேர்ந்து, 'இருவரும் கையொப்பமிட்டால்தான் எடுக்கலாம்' என்ற முறையில் ஒரு கூட்டுக் கணக்குத் தொடங்குங்கள். இந்த வகைக் கணக்கிலிருந்து அவன் மட்டும் தனியாக யூபிஐயில் பணம் அனுப்ப முடியாது, ஏடிஎம் கார்டும் பொதுவாகத் தரமாட்டார்கள். சம்பளம் வந்த அன்றே அதற்கு மாற்றிவிட்டு, கைச்செலவுக்கு வாரம் ஒருமுறை ரொக்கமாகக் கொடுங்கள். கிரெடிட் கார்டு, 'பே லேட்டர்' (வாங்கிவிட்டுப் பிறகு கட்டும் கடன்) இரண்டையும் மூடச் சொல்லுங்கள்.

கடன். அவன் சொல்லும் தொகையை நம்ப வேண்டாம். பொய் சொல்கிறான் என்றில்லை, அவனுக்கே தெரியாது. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், அதை எடுங்கள். பதிவில்லாத கடன் ஆப்கள் அதில் வராது. அவற்றைப் போனிலேயே தேடி, தொடர்புப் பட்டியல், படங்கள் ஆகியவற்றுக்கான அனுமதியை ரத்து செய்யுங்கள். அடைப்பதென்றால் கடன் கொடுத்தவருக்கே நேராகக் கட்டுங்கள், தவணையாக. மொத்தமாக அடைத்துக் கையைக் கழுவினால் கடன் வாங்கும் தகுதி திரும்ப வந்துவிடுகிறது. அப்பா இரண்டு முறை செய்தது அதுதான்.

போன். அமைப்புகளில் 'தெரியாத ஆப்களை நிறுவுதல்' என்பதைத் தேடி, டெலிகிராம், வாட்ஸ்அப், குரோம் ஒவ்வொன்றுக்கும் அணையுங்கள். பெட்பிளாக்கர் என்ற இலவச ஆப் சூதாட்டத் தளங்களைத் தடுக்கும்; குறித்த காலம் முடியும்வரை நீக்கவிடாது. தினமும் முளைக்கும் போலித் தளங்களில் சில தப்பிவிடும், இருந்தாலும் பெரும்பாலானவை நிற்கும். ஏஜென்ட்களின் எண்களை அழித்தால் மட்டும் போதாது. அவன் எண்ணை அவர்கள் வைத்திருக்கிறார்கள், சம்பளத் தேதியில் 'போனஸ்' என்று வரும். எண்ணையே மாற்றுவது சிரமம்தான், ஆனால் அதற்கு ஈடு இல்லை.

ஆட வேண்டும் என்ற வெறி அலைபோல் ஏறி இறங்குவது. மேலே சொன்னதெல்லாம் அது இறங்கும்வரை பணத்தைக் கைக்கெட்டாமல் வைக்கத்தான். வெறியையே குறைக்க ஆலோசனைச் சிகிச்சை வேண்டும். 2013 முதல் சூதாட்டக் கோளாறு, குடி, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டலாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். இடையில் ஒருமுறை வழுக்கினால் எல்லாம் போச்சு என்று விடாதீர்கள். எந்த வழியில் பணம் கிடைத்தது என்று பார்த்து அந்த ஓட்டையை அடையுங்கள்.

'நான் இல்லாமல் போனால் நல்லது' என்கிற மாதிரி பேசினானா? சும்மா மிரட்டுகிறான் என்று விடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாமல் உடனிருந்து, 14416-க்கு அழையுங்கள். அவசரம் என்றால் 108.

சிங்கப்பூரில் இருக்கிறோம். கணவர் சிங்கப்பூர் பூல்ஸ் (அரசு அனுமதி பெற்ற பந்தய நிறுவனம்) ஆன்லைன் கணக்கில் சம்பளத்தையே விடுகிறார். இங்கே ஏதாவது வழி உண்டா?
– உட்லண்ட்ஸ்

உங்களுக்கு நல்ல ஏற்பாடே இருக்கிறது. தேசியப் பிரச்சினைச் சூதாட்ட மன்றத்தில் அவரே தன்னை விலக்கிக்கொள்ளலாம். அவர் ஒப்பவில்லை என்றால் மனைவி என்ற முறையில் நீங்கள் குடும்ப விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு குழு இருவரையும் விசாரித்து முடிவு செய்யும். கசினோ, ஜாக்பாட் அறை, பூல்ஸ் ஆன்லைன் கணக்கு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். உதவி எண் 1800-6-668-668. வெளிநாட்டுக் கள்ளத் தளங்களை மட்டும் அது தடுக்காது. அதற்குத் திண்டுக்கல் அக்காவுக்குச் சொன்ன போன் பகுதியைப் பாருங்கள்.

பையன் வயது 12. துப்பாக்கி ஆட்டத்தில் 'பெட்டி' திறக்க என் கார்டில் 3,200 ரூபாய் செலவழித்திருக்கிறான். இதுவும் சூதாட்டமா?
– தாம்பரம்

காசு கொடுத்து, என்ன வரும் என்று தெரியாமல் ஒரு பெட்டியைத் திறப்பது, அமைப்பு அதேதான். பெல்ஜியம் 2018-இல் இதைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. பிளே ஸ்டோர் அமைப்பில் 'ஒவ்வொரு வாங்குதலுக்கும் அடையாளச் சரிபார்ப்பு' என்று வைத்து, கார்டு விவரத்தை நீக்குங்கள். நடந்து 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். பையனைப் பெட்டி திறப்பதற்கு முன், அதில் அரிய பொருள் வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று ஆட்டத்துக்குள்ளேயே தேடிப் படிக்கச் சொல்லுங்கள். அரை சதவீதம் என்றால் சராசரியாக 200 பெட்டி. ஒரு பெட்டி விலையால் அவனையே பெருக்கச் சொல்லுங்கள்.

விட்டு ஆறு மாதமாகிறது. ஆனால் யூடியூபைத் திறந்தால் விளம்பரம் வந்து கிளறுகிறது.
– பெயர், ஊர் வேண்டாம்

கூகுள் கணக்கில் 'என் விளம்பர மையம்' பகுதிக்குப் போய், உணர்வுபூர்வமான (சென்சிடிவ்) தலைப்புகளில் சூதாட்டத்தை அணையுங்கள். யூடியூபுக்கும் சேர்த்து அது குறையும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத் தலைப்புகளிலும் சூதாட்டத்துக்கு 'குறைவாகக் காட்டு' உண்டு. எஸ்எம்எஸ் விளம்பரம் வராமல் தடுக்க 1909-க்கு அழையுங்கள். பழைய தேடல் வரலாற்றையும் யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றையும் ஒருமுறை முழுக்க அழித்துவிடுங்கள்; கிரிக்கெட் 'டிப்ஸ்' சேனல்களைப் பின்தொடர்ந்தால் அதையும் நிறுத்துங்கள், விளம்பரத்தைவிட அவர்கள்தான் அதிகம் இழுப்பார்கள்.